இருட்டு பாயும் கேஸ் கல்லும்

1926ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, குருவிநத்தம் துறையில் பெண்ணையாற்றைக் கடந்துகொண்டிருந்த சின்னபொண்ணு என்பவளின் மடியில் இருந்த கல் பொங்கியது.

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நடுவில் மணல் அள்ளிய பள்ளம் ஒன்று இருந்தது. அதில் கால் வைத்து இடுப்புவரை இறங்கிவிட்டாள். மடியில் முடிந்திருந்த காகிதப் பொட்டலம் சீறியது, நுரைத்தது, சுட்டது. அழுகிய பூண்டு போல ஒரு நாற்றம் கிளம்பியது.

"பாயே! இன்னா கல்லு இது? உசுரு இருக்குது இதுக்கு! மடிய வேவிக்குது!"

வடகரையில் நின்றிருந்த கௌஸ் பாஷா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "தூக்கிப் போட்டுடாதம்மா! கெட்டியா புடிச்சிகினு வா!"

"நீ வந்து புடி!" என்று சொல்லி, சின்னபொண்ணு பொட்டலத்தை அவிழ்த்துக் கரையை நோக்கி வீசினாள். அது கௌஸ் பாஷாவின் காலடியில் விழுந்து, கொஞ்ச நேரம் கொப்பளித்து, வெள்ளைச் சேறாகி அடங்கியது. அவர் அதைத் துண்டில் அள்ளிக்கொண்டார். இன்னும் சுட்டது.

தென்கரை பிரிட்டிஷ்காரன் சீமை, கடலூர் பக்கம். வடகரை பிரெஞ்சுக்காரன் சீமை, பாகூர் கொம்யூன். கடலூரில் கௌஸ் பாஷாவின் மச்சான் காஜா மொய்தீன் கடை வைத்திருந்தார். சின்னபொண்ணு இரண்டு கரைக்கும் தலைச்சுமை தூக்குகிறவள்.

கௌஸ் பாஷா பாகூர் கடைத்தெருவில் மளிகை வியாபாரி. அத்தோடு வாடகை விளக்கும் உண்டு. கொம்யூன் ஆபீஸான மேரியில் ஒவ்வொரு ஜூலை பதினாலாம் தேதியும் பிரெஞ்சுக் குடியரசு விழா நடக்கும். அதற்கு விளக்குப் போடுவது அவர் குடும்பத்துக்கே வழிவழியாக வந்த உரிமை. போன வருஷம் நாற்பது அரிக்கேன் விளக்குகள் கட்டினார். பாண்டு வாத்தியம் தேசிய கீதத்தைத் தொடங்கியபோது ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. முப்பத்தெட்டு விளக்குகள் அணைந்தன. மிச்சம் இரண்டும் புகைந்தன. கொம்யூன் தலைவரான மேர் தமது பிரசங்கத்தின் பின்பாதியை மனப்பாடமாகச் சொல்ல முயன்றார். மனப்பாடத்தில் பின்பாதி இல்லை.

மறுநாள் காலையிலிருந்து கௌஸ் பாஷாவுக்கு ஊரில் 'இருட்டு பாய்' என்று பெயர். கொத்தமல்லி வாங்க வந்த குழந்தைகூட "இருட்டு பாய் கடை இதுதானே?" என்று கேட்டது.

மேர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னது சுருக்கம். "இந்த ஒரு வருஷம் பாக்கறேன். அணைஞ்சுதுன்னா, அடுத்த வருஷத்துலேருந்து வில்லியனூர் நாகராஜன்தான்."

வில்லியனூர் நாகராஜனும் வாடகை விளக்குக்காரன். பாகூர்ச் சந்தைக்கு வாரம் தவறாமல் வருவான். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் கௌஸ் பாஷா கடை வாசலில் நின்று, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பாய் கடைல ஒண்ணும் தெரியலையே, வெளக்கு இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அப்போதுதான் தகர வேலைக்காரர் குழந்தைவேல் ஒரு யோசனை கொண்டுவந்தார். பெரிய பீப்பாய் ஒன்று. அதற்குள் கார்பைட் என்ற கேஸ் கல். மேலே தண்ணீர் சொட்டும், கல் பொங்கும், கேஸ் குழாய் வழியாகப் போகும். நாற்பது மூக்கில் நாற்பது சுடர்.

"காத்து அடிச்சா?" என்று கேட்டார் கௌஸ் பாஷா.

"சாயும் பாய். அணையாது."

"எத்தினி கல்லு வேணும்?"

"பன்னெண்டு டின்னு இருந்தா விழா முடியற வரைக்கும் தாங்கும்."

காஜா மொய்தீன் கடலூரில் பன்னிரண்டு டின் ஒதுக்கி வைத்துவிட்டார். ஆனால் அந்த வருஷம்தான் புதுச்சேரியில் ஒரு புது சுற்றறிக்கை வந்திருந்தது. இரசாயனப் பொருள் எதுவானாலும், எல்லைக்குள் கொண்டுவருவதற்கு முன்னால் அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று தீர்மானமாக வேண்டும். முதல் வகுப்பு என்றால் தாராளமாக வரலாம். இரண்டாம் வகுப்புக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மூன்றாம் வகுப்பு வரவே கூடாது. இதற்கென்று திறக்கப்பட்ட வகுப்பு ஆபீஸுக்குத் தலைவர் முசியே ஆரோக்கியம். புதுச்சேரிக்காரர்தான். பெரிய யுத்தத்தில் பிரான்சுக்குப் போய்ச் சண்டையிட்டு, மெடலோடு திரும்பி வந்தவர்.

"பொருளைப் பார்க்காமல் வகுப்பு சொல்ல முடியாது" என்று சொல்லியிருந்தார் ஆரோக்கியம். "சாம்பிள் கொண்டுவாரும்."

"முசியே, கொண்டாந்தா இறக்குமதி ஆயிடுமே? வகுப்பு தெரியாம இறக்குமதி பண்ணக் கூடாதே?"

ஆரோக்கியம் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "சாம்பிள் இறக்குமதி ஆகாது. விதி எட்டு."

அந்த சாம்பிள்தான் சின்னபொண்ணு மடியில் பொங்கியது. வேறு வழியில்லாமல் கௌஸ் பாஷா துண்டில் அள்ளிய வெள்ளைச் சேற்றையே கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார். ஆரோக்கியம் இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சேவகன் மணவாளன், "சுண்ணாம்பு முசியே" என்று சொல்லி, தன் வெற்றிலையில் தடவிக்கொள்ளக் கொஞ்சம் எடுக்கப் போனான். கௌஸ் பாஷா அவன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

ஒரு வாரத்தில் பிரெஞ்சில் எழுதிய காகிதம் வந்தது. முதல் வகுப்பு. தாராளமாகக் கொண்டுவரலாம்.

கௌஸ் பாஷா கடைத்தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். நாகராஜனுக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். நாகராஜன் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவன். கற்கண்டை மென்றுகொண்டே காகிதத்தை வாங்கிப் பார்த்தான்.

"பாய், இதுல 'ஷோ'ன்னு போட்டுருக்குது."

"அப்டின்னா?"

"சுண்ணாம்பு. நீ சுண்ணாம்பு கொண்டாரலாம்னு உத்தரவு. இன்னா, இந்த வருஷம் மேரிக்கு வெள்ளையடிக்கப் போறியா?"

கடைத்தெரு சிரித்தது. ஆனால் கௌஸ் பாஷா தோல்வியைத் தோல்வி என்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. "சர்க்கார் என் கல்லுல பாதிய ஒத்துகினு இருக்குது. மீதிப் பாதி பாக்கி, அவ்ளோதானே?" என்றார்.

இரண்டாவது சாம்பிளுக்கு அவர் கடலூருக்கே நேரில் போனார். தண்ணீர் படக் கூடாது என்பதால் வீட்டிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டார். மனைவி சபுரா அதைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கொடுத்தாள்.

"ஊறுகாய எங்க கொட்டறது?" என்று கேட்டாள்.

"சாப்புடு."

"நாலு படி எலுமிச்சங்கா ஊறுகாயவா? நோன்பு மாசத்துலயா?"

அது ரமலான் மாதம். கௌஸ் பாஷா ஜாடியை மெழுகுத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு ஈரம் படாமல் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். பங்குனி வெயில். வியர்த்துக் கொட்டியபடி நின்ற மனிதரைப் பார்த்து ஆரோக்கியத்துக்கு இரக்கம் வந்தது. மணவாளன் ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"நோன்புங்க முசியே."

"பார்தோன், மன்னியும்" என்றார் ஆரோக்கியம். டம்ளரை எடுத்துப் போகும்படி யாரும் சொல்லவில்லை. அது மேஜை ஓரத்தில் நிறைந்தபடியே நின்றது.

ஜாடி திறக்கப்பட்டது. சாம்பல் நிறக் கற்கள் ஒரு பழைய பத்திரிகைமேல் கொட்டப்பட்டன. ஆரோக்கியம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, பைலை எடுப்பதற்காக முழங்கையை நீட்டினார்.

டம்ளர் சாய்ந்தது.

யுத்தத்தில் ஆரோக்கியத்துக்கு இருந்த மேலதிகாரி ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்: பூண்டு வாசனை வந்தால் அது விஷவாயு, ஓடு, யோசிக்காதே. ஒன்பது வருஷமாகியும் அந்தப் பாடம் மறக்கவில்லை. மேஜைமேல் சீறல் கேட்டது, வெண்புகை எழுந்தது, வாசனை வந்தது. "காஸ்! காஸ்!" என்ற சத்தம் அறையில் இருந்தபோது ஆரோக்கியம் சன்னலுக்கு வெளியே இருந்தார். நான்கு குமாஸ்தாக்கள் அதே வழியாகப் போனார்கள். கீழ்த்தளம் என்பதால் யாருக்கும் அடியில்லை. ஆரோக்கியம் கீரைப் பாத்தியில் குப்புறப் படுத்து, நனைத்த கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அறையில் மணவாளன் மட்டும் நின்றான். மூக்கை உயர்த்தி இரண்டு தடவை இழுத்தான்.

"யாரு வூட்ல ரசம் வெக்கிறாங்க?" என்று கேட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து ஆரோக்கியம் திரும்பி வந்தார். கைக்குட்டை இன்னும் மூக்கில் இருந்தது.

"முசியே, இது வெளக்குக்கு..." என்று ஆரம்பித்தார் கௌஸ் பாஷா.

"நோன்! நான் இதை முகர்ந்திருக்கிறேன். 1917இல்."

"அது வேற இன்னாவோங்க முசியே. இது கல்யாண ஊர்வலத்துக்கெல்லாம்..."

"நீர் யுத்தத்துக்குப் போனீரா?"

"இல்லீங்க."

"அப்போ சும்மா இரும்."

அன்று மாலை பைல் மூன்றாகப் பிரிந்து மூன்று இலாகாக்களுக்குப் போனது. விஷமா என்று வைத்திய இலாகா சொல்ல வேண்டும். ஆயுதமா என்று போலீஸ் சொல்ல வேண்டும். மனுவில் 'கல்' என்று எழுதியிருந்ததால் ரோட்டு இலாகாவும் பார்க்க வேண்டும்.

கௌஸ் பாஷா காலி ஜாடியோடு ஊர் திரும்பி, கடைத்தெருவில் இறங்கியதும் இப்படிச் சொன்னார்: "யுத்தத்துல மெடல் வாங்குனவரையே சன்னல் வழியா குதிக்க வெச்ச கல்லு என் கல்லு! வில்லியனூர் வெளக்கு எவனையாவது குதிக்க வெச்சிருக்குதா?"

நாகராஜன் அடுத்த கடைப் பக்கம் நகர்ந்தான். அதை ஒரு வெற்றியாகவே கௌஸ் பாஷா எண்ணிக்கொண்டார்.

குழந்தைவேல்தான் அடுத்த வழியைச் சொன்னார். "பொட்டலம், ஜாடி எல்லாம் இன்னாத்துக்கு பாய்? கம்பெனி டின்னு ஈயம் வெச்சி அடைச்சி வர்து. அத அப்டியே குடுங்க. தொறக்காத வரைக்கும் அது குழந்த மாதிரி தூங்கும்."

ஆரோக்கியத்துக்கும் இது பிடித்திருந்தது. "அடைத்த டின்தான் வர வேண்டும். என் ஆபீஸில் யாரும் திறக்கக் கூடாது" என்றார். அதன்பின் எழுத ஆரம்பித்தார். எழுத ஆரம்பித்தால் அவரால் சீக்கிரம் நிறுத்த முடியாது. இலாகா ஒவ்வொன்றுக்கும் இரண்டு டின். ஒன்று பரிசோதனைக்கு, முதல் டின் காணாமல் போனால் என்ன செய்வது என்பதற்காக இன்னொன்று. மூன்று இலாகாவோடு தன் ஆபீஸையும் சேர்த்துக்கொண்டார். பரிசோதனை முடிந்ததும் டின் மனுதாரருக்கே திரும்பி வரும். ஆனால் சிவப்பு அரக்கு முத்திரையோடு வரும். 'தீர்மானம் வரும்வரை உடைக்கக் கூடாது' என்று அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

இதற்கெல்லாம் மணவாளனிடம் நீளமான புத்தகம் ஒன்று கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு வரி. வரவழைத்த அதிகாரி என்ற இடத்தில் ஆரோக்கியம் கையெழுத்துப் போடுவார். அது ஒரு ஜாங்கிரி அளவுக்கு இருக்கும். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், மிச்சமிருக்கும் சந்தில், கௌஸ் பாஷா போட வேண்டும்.

சின்னபொண்ணு தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக டின்களை ஆற்றைக் கடத்தினாள். மடியில் மட்டும் எதையும் வைக்க மறுத்துவிட்டாள். கௌஸ் பாஷா வண்டி கட்டிக்கொண்டு டின்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார். மணவாளன் குதிரை வண்டியில் அவற்றைப் பாகூருக்குத் திருப்பிக் கொண்டுவந்தான். ஒரு தடவைக்கு ஒன்றுதான் கொண்டுவருவான்.

"ஒண்ணொண்ணாத்தான் குடுக்கணும்னு விதியா தம்பி?" என்று சபுரா ஒருநாள் கேட்டாள்.

மணவாளன் சாப்பாட்டு இலையிலிருந்து நிமிரவில்லை. "விதி இல்லக்கா. உங்க குழம்பு."

டின்கள் மளிகைக் கிடங்கின் பரணில் ஏறின. ஈரம் படாத இடம் வீட்டிலேயே அது ஒன்றுதான். அங்கே இருந்த மிளகாய் மூட்டைகள் கீழே இறங்கி, அடுப்பங்கரைக்கு வந்து, பிறகு கூடத்துக்கு வந்தன. வீட்டில் எல்லோரும் தும்மினார்கள்.

"உங்க சர்க்கார் டப்பாவுக்குப் பரணு, நம்ம மொளகாக்குக் கட்டிலு. நல்லா இருக்குதுங்க" என்றாள் சபுரா.

"அத தொடாத. அரக்கு ஒடைஞ்சா என் தல ஒடையும்."

"நான் ஏன் தொடறேன்? தொட்டா குதிச்சி ஓடறதுக்கு இங்க சன்னலும் பெருசா இல்ல."

அறிக்கைகள் வந்தன. டின்னைத் திறக்க ஒருவருக்கும் தைரியம் இல்லாததால் எல்லோரும் வெளியிலிருந்தே பரிசோதித்திருந்தார்கள். 'நிறம்: நீலப் பெயின்ட். மணம்: இல்லை. சுவை: சோதிக்கப்படவில்லை' என்று எழுதி, மருந்தாக இருக்கலாம் என்று போலீஸ் முடிவு சொன்னது. டின்னைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்த வைத்திய இலாகா, உள்ளே கல் இருக்கிறது, எனவே இது ரோட்டு இலாகா விஷயம் என்றது. ரோட்டு இலாகா ஒரே வரிதான் எழுதியது: 'இவ்வளவு சின்னக் கல்லால் ரோடு போட முடியாது.'

ஆரோக்கியம் மூன்று அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் பார்த்தார். ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. எனவே மறுபரிசோதனை. ஆளுக்கு இன்னும் ஒரு டின். தன் ஆபீஸுக்கும் ஒன்று.

"பாயே, இன்னும் எத்தினி சாம்பிளு?" என்று சின்னபொண்ணு கேட்டாள். "என் உச்சந்தல தேஞ்சி போச்சி. சரக்கு எப்பதான் வரும்?"

"சாம்பிளு வேற, சரக்கு வேறம்மா. சாம்பிளு போனாத்தான் சரக்குக்கு வழி தொறக்கும்."

குழந்தைவேல் பீப்பாயை அடித்து முடித்திருந்தார். மேரி முகப்பில் குழாய் ஓடியது. நாற்பது மூக்குகளும் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. தினமும் காலையில் அவர் கடைக்கு வந்து, "கல்லு பாய்?" என்று மட்டும் கேட்பார். "பைல் நல்லா போய்கினு இருக்குது" என்று கௌஸ் பாஷா சொல்வார். உண்மையில் அவருக்கு அந்த பைல் மேல் ஒரு பெருமையே வந்துவிட்டிருந்தது. பாகூரில் வேறு யாருக்கும் நான்கு இலாகாவில் பைல் கிடையாது. யாராவது மிளகு வாங்க வந்தால்கூட, நிறுத்துக்கொண்டே, போலீஸ் என்ன எழுதியது, ரோட்டுக்காரன் என்ன எழுதினான் என்று விவரமாகச் சொல்லி அனுப்பினார்.

ஜூலை 12ஆம் தேதி, திங்கட்கிழமை, மத்தியானம் மணவாளன் வந்தான். ஒரு கையில் டின், ஒரு கையில் உறை, அக்குளில் புத்தகம்.

கடை வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. நாகராஜனும் இருந்தான். இரண்டு நாள் முன்னதாகவே தன் விளக்குகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டிருந்தான். மேர்தான் எதற்கும் இருக்கட்டும் என்று வரச் சொல்லியிருந்தாராம்.

"தீர்மானம்!" என்றான் மணவாளன்.

"படிப்பா" என்றார் கௌஸ் பாஷா.

மணவாளன் உறையைப் பிரித்து, உதட்டை அசைத்து ஒரு தடவை தனக்குள் படித்துக்கொண்டான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான். "கார்பைட் என்னும் பொருள், அபாயம் உள்ளதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அபாயம் உள்ளது. மூணாம் வகுப்பு. இன்று முதல் எல்லைக்குள் கொண்டுவரத் தடை. ஒப்பம், ஆரோக்கியம்."

குழந்தைவேல் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார்.

நாகராஜன் முன்னால் வந்து, கௌஸ் பாஷாவின் தோளில் கை வைத்தான். அவன் குரலில் அன்பே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"போவட்டும் வுடு பாய். நாலு மாசம் நல்லாத்தான் ஓடியாந்த. என் வெளக்க எறக்கச் சொல்லவா?"

கௌஸ் பாஷா கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவருடைய கல் முதல் வகுப்பாக இருந்து, பூண்டு நாறி, மருந்தாகி, ரோட்டுக்கு உதவாத கல்லாகி, கடைசியில் அபாயமாகவும் ஆகிவிட்டது. அடுத்த வருஷமும் இருட்டு பாய். அதற்கடுத்த வருஷமும் இருட்டு பாய். செத்தபின் மய்யத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் "யாரு? இருட்டு பாயா?" என்றுதான் கேட்பார்கள்.

உள்ளேயிருந்து சபுரா தும்மிக்கொண்டே வந்தாள்.

"இன்னாங்க, தீர்மானம் வந்துட்டுதாமே?"

"வந்துட்டுது" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"அப்பாடா. அப்ப பரணுல இருக்கிற டப்பாவெல்லாம் எறக்குங்க. மொளகாய மேல ஏத்தணும்."

கௌஸ் பாஷா மெல்ல நிமிர்ந்தார். மணவாளன் கொண்டுவந்த டின் கல்லாப்பெட்டிமேல்தான் இருந்தது. அதன்மேல் சிவப்பு அரக்கு. அதன்மேல் சீட்டு. அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நான்கு மாதமாக மனப்பாடமாக வைத்திருந்தார்.

"மணவாளா," என்றார், "இதுல இன்னா போட்டுருக்குது?"

"தீர்மானம் வர்ற வரைக்கும் ஒடைக்கக் கூடாதுன்னு."

"தீர்மானம் எங்க?"

"இன்னா பாய், இப்பதானே படிச்சேன்?"

கௌஸ் பாஷா எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் கல்லாப்பெட்டி நகர்ந்தது.

"குழந்தைவேலு! ஏணி!"

மணவாளன் புத்தகத்தை நீட்டி, "பாய், கையெழுத்து..." என்றான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. கடைக்காரர், தகர வேலைக்காரர், வாசலில் நின்ற பாதி ஊர் எல்லாம் கிடங்குக்குள் போய்விட்டிருந்தது. உள்ளேயிருந்து சபுராவின் குரல் மட்டும் கேட்டது: "மெதுவா! மெதுவா! மொளகா மேல கால வெக்காதீங்க!"

ஜூலை 14, புதன்கிழமை, மாலை ஆறே முக்காலுக்கு, பாகூர் மேரியின் முன்னால் நாற்பது விளக்குகள் ஏற்றப்பட்டன.

குழந்தைவேல் குழாயைத் திருகினார். கௌஸ் பாஷா நீளக் கழியில் தீயைப் பிடித்து, வலது கோடியிலிருந்து இடது கோடி வரை ஒரு நடை நடந்தார். மூக்கு மூக்காக வெள்ளைச் சுடர் எழுந்தது. மேரியின் தூண்கள் தெரிந்தன. மேரின் மீசையில் நரை எத்தனை என்று எண்ணும்படி தெரிந்தது. எதிரே தூரத்தில் ஏரிக்கரைப் பனைமரங்கள்கூட மட்டை மட்டையாகத் தெரிந்தன. கூட்டத்தில் ஒரு கிழவர் வெயில் வந்துவிட்டது என்று நினைத்துத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

பாண்டு வாத்தியம் தேசிய கீதத்தைத் தொடங்கியது. ஏரிப் பக்கமிருந்து போன வருஷத்துக் காற்று அதே நேரத்துக்கு வந்தது. நாற்பது சுடரும் ஒரே பக்கம் சாய்ந்தன. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. காற்று போயிற்று. நாற்பது சுடரும் நிமிர்ந்தன.

அப்போது ஊர் போட்ட சத்தம் குருவிநத்தம் வரை கேட்டதாகச் சின்னபொண்ணு பிறகு சொன்னாள். மேர் தமது பிரசங்கத்தைக் காகிதம் பார்த்துக் கடைசி வரி வரை படித்தார். படித்துவிட்டு, வெளிச்சம் நன்றாக இருந்ததால், முதலிலிருந்து இன்னொரு தடவையும் படித்தார். நாகராஜன் ஒரு தூணருகே நின்று ஒரு சுடரையே பார்த்துக்கொண்டிருந்தான். கௌஸ் பாஷா பக்கத்தில் வந்தபோது, "பாய், இந்த மூக்கு யாரு அடிச்சது?" என்று மரியாதையாகக் கேட்டான்.

முன்வரிசையில், மெடல் அணிந்து, புதுச்சேரியிலிருந்து வந்த விருந்தாளியாக முசியே ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த நேரத்தில் பூண்டு வாசனை லேசாக அவர் பக்கம் வந்தது. அவர் துள்ளி எழுந்தார். முதலில் சன்னலைத் தேடினார். திறந்த வெளி என்பதால் சன்னல் இல்லை. பிறகுதான் விளக்குகளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பீப்பாயின் ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்த நீல நிற டின்களைப் பார்த்தார்.

"மூன்றாம் வகுப்பு!" என்று கத்தினார். பாண்டு வாத்தியக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேர் திரும்பிப் பார்த்தார். "தடை செய்யப்பட்ட பொருள்! ஒரு டின் இல்லை, இரண்டு டின் இல்லை! இத்தனை டின்னையும் எல்லைக்குள் வரவழைத்த ஆள் யார்?"

கௌஸ் பாஷா மெல்லப் பீப்பாய்க்குப் பின்னால் நகர்ந்தார்.

கடைசி டின்னுக்கு இன்னும் கிடைக்காத கையெழுத்துக்காக அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த மணவாளன், முன்னால் வந்து நீளப் புத்தகத்தை விரித்து விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

"நீங்கதான் முசியே. பன்னெண்டு வரிலயும் உங்க கையெழுத்துதான் இருக்குது."